மைனருக்கு ஒரு வாஷர்

பி.காம். படித்ததில் எனக்கு இன்னும் மறக்காமல் இருப்பது தேய்மானம் ஒன்றுதான். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு காரை வாங்கி, வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் பதினைந்து சதவீதம் கழித்துக்கொண்டே போனால், அறுபதாவது வருஷக் கடைசியில் புத்தகத்தில் அதன் மதிப்பு 58 காசு. (சந்தேகம் இருப்பவர்கள் கால்குலேட்டரில் தட்டிப் பார்க்கலாம். ஆபீஸ் நேரத்தில் வேண்டாம்.)

அப்படி ஒரு 58 காசுக் கார் கடலூர் மஞ்சக்குப்பத்தில், என் பெரியப்பா வீட்டு ஷெட்டில் நிற்கிறது. மோரிஸ் மைனர் 1000. 1957 மாடல், 948 சி.சி. எஞ்சின். பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய ஒரு டாக்டர் கப்பலில் கொண்டுவந்தது. 1964-ல் தாத்தா கைக்கு வந்தது.

மைனர் என்றதும் சில்க் ஜிப்பா, மைனர் செயின், வாயில் வெற்றிலை என்று கற்பனை ஓடுகிறதா? அதெல்லாம் இல்லை. இது பரம சாது. 1948-ல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு மினி காரைச் செய்ததும் இவர்தான். வண்டி தயாராகி வரும் நேரத்தில், 'ரொம்ப ஒடுக்கமாக இருக்கிறதே' என்று அவருக்கே தோன்ற, மாதிரி வண்டியை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தாராம். சரியாக இருந்தது. அந்த நாலு அங்குலம்தான் பானட் நடுவில் இன்றைக்கும் மேடான பட்டையாகத் தெரிகிறது. பெரியப்பா பாஷையில் அது 'மைனரின் நேர்வகிடு'. பத்து லட்சம் உற்பத்தியைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெருமையும் இதற்கு உண்டு.

பெருமை எல்லாம் சரி, பிரேக் பிடிக்க வேண்டாமா? மிதித்தால் பெடல் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் சிலிண்டருக்குள் கிண்ணம் மாதிரி சின்ன ரப்பர் வாஷர் இருக்கும். அது இறுகிப் போய்விட்டது. பெரியப்பாவுக்கு ஒரே ஆசை. கல்யாணம் ஆன புதிதில் பெரியம்மாவை ஆருத்ரா தரிசனத்துக்கு இதே காரில் சிதம்பரம் கூட்டிப் போனாராம். இந்த மார்கழியிலும் அப்படியே போக வேண்டும்.

"வாடகை டாக்ஸியில போகலாமே பெரியப்பா?"

"டேய், திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் தொழிற்சாலைக்காரன் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பண்ணிக் கொடுத்தான். அவ்வளவு பெரிய தேருக்கே வழி பண்ணியாச்சு. என் மைனருக்கு ஒரு வாஷர் கிடைக்காதா?"

கிளம்பினேன். கடலூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கவுன்ட்டரில் இளைஞர்.

"என்ன வண்டி சார்?"

"மைனர்."

"மைனருக்கெல்லாம் வண்டி ஓட்ட லைசென்ஸ் தரமாட்டாங்களே சார்!"

விளக்கிச் சொன்னேன். கம்ப்யூட்டரில் 'மோரிஸ்' என்று தட்டினார். முகம் மலர்ந்தது. "எம்.ஜி. ஹெக்டரா சார்?" அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ்தான். இரண்டுக்கும் மூலபுருஷர் வில்லியம் மோரிஸ் என்ற ஒரே ஆள். 2019-ல் ஹெக்டர் இந்தியாவுக்கு வந்தபோது அந்தப் பெயர் ஒரு சீனக் கம்பெனியின் சொத்தாகி இருந்தது. பேரன் சீனாவில், தாத்தா மஞ்சக்குப்பத்தில்!

அடுத்தது சென்னை. புதுசு என்றால் ஜி.பி. ரோடு, பழசு என்றால் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் தேடினால் யானையின் தும்பிக்கைகூடத் தனியாகக் கிடைக்கும், பேரம் பேசத் தெரிந்தால். ஒரு கடைக்காரர் 22 மில்லிமீட்டர் வாஷர் ஒன்றை எடுத்து வைத்தார். "சும்மா கும்முனு உக்காரும் சார்."

போனில் பாயைக் கூப்பிட்டேன். பாய் என்பவர் சிதம்பரத்துக்கு வெளியே ஷெட் வைத்திருந்த மெக்கானிக். வயசு எழுபத்துநாலு. எங்கள் மைனரின் குடும்ப டாக்டர்.

"சிலிண்டர் ஏழெட்டு அங்குலம், தம்பி. வாங்காதீங்க."

ஏழின் கீழ் எட்டு. அதாவது 22.2 மில்லிமீட்டர். வித்தியாசம் ரெண்டு காகிதத்தின் கனம். அதற்கா இந்தக் கெடுபிடி என்றால், ஆமாம், அதற்குத்தான். மிதிக்கிற அழுத்தத்தில் அந்த ரெண்டு காகித இடுக்கு வழியாக ஆயில் பின்னால் நழுவும். பெடல் கீழே போகும். வண்டி மட்டும் நேரே போகும்.

பாயிடம் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஸ்பார்க் பிளக் 14 மில்லிமீட்டர் மரை, உள்ளூரிலேயே பார்த்து வாங்கலாம். பேரிங்கில் நம்பர் அடித்திருக்கும். 6203 என்றால் கடலூரிலும் 6203, பர்மிங்ஹாமிலும் 6203. ஃபேன் பெல்ட்டை அளவு பார்த்து வாங்கலாம். "ஓடுறதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் போதும் தம்பி. நிக்கிறதுக்கு ரத்த சொந்தம்தான் வேணும்."

புதுப்பேட்டைக்காரர் விடவில்லை. "எதுக்கு சார் தலைவலி? ஆம்னி எஞ்சின், ஆம்னி பிரேக், மொத்த செட்டா மாத்திடுங்க." சுலபம்தான். ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று விதி கொண்டுவந்தது. ஐம்பது வயசு தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். எஞ்சினை மாற்றினால் அந்த மரியாதை போச்சு. மைனர் வெறும் மேஜர் ரிப்பேர் ஆகிவிடுவார்.

சரி, இந்தப் பாகங்கள் நம் ஊரில் ஏன் கிடைப்பதில்லை? 1950-களின் ஆரம்பத்தில், இங்கேயே படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் வைத்திருக்கும் கம்பெனிக்குத்தான் இடம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸே பம்பாயில் கடையைக் கட்டியது. அதன்பிறகு வெளிநாட்டுக் கார் என்பது தத்துப்பிள்ளை மாதிரி. வந்தது வந்ததுதான். சீர் செய்யப் பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

பக்கத்து இலங்கையில் கதை வேறு. அங்கே மைனர்கள் ஏராளம். யாழ்ப்பாணத்தில் 1990-களில், யுத்தத்தின்போது பெட்ரோல் வரத்துக்குத் தடை. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மோரிஸ் மைனரையும் ஆஸ்டின் ஏ 40-யையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நாலு சொட்டு பெட்ரோலைக் காட்டி ஸ்டார்ட் செய்வது, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் மைனருக்கென்றே கடை நடத்திய சார்லஸ் வேர் என்பவர், இலங்கையில் ஒரு கூட்டாளியைப் பிடித்து, அங்கே தகடு அடித்து மைனருக்கு பாடி பாகங்கள் செய்யவைத்து இங்கிலாந்துக்கு வரவழைத்தார். இங்கிலீஷ் காருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் நம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து போயிருக்கிறது!

இன்றைக்கு இங்கிலாந்தில் மைனருக்கு ஆணி முதல் கூரை வரை புதுசாகவே கிடைக்கிறது. எழுதிப் போட்டோம். பதினோரு நாளில் வாஷர் செட் வந்துவிட்டது. வாஷர் விலையைவிடக் கூரியர் கூலியும் தீர்வையும் மூன்று மடங்கு. பிள்ளையைவிடத் தொட்டில் கனம். பரவாயில்லை, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

வேலையே அப்புறம்தான் ஆரம்பம். மற்ற கார்களில் பானட்டைத் திறந்தால் மாஸ்டர் சிலிண்டர் கண்ணுக்குத் தெரியும். மைனரில் அது டிரைவர் காலுக்குக் கீழே, சேஸிஸுக்குள் ஒளிந்திருக்கிறது. கடலூரில் ஒரு பெரிய ஒர்க் ஷாப்பிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முதலில் ஸ்கேனரை எங்கே சொருகுவது என்று தேடினார்கள். பிறகு 13-ம் நம்பர் ஸ்பேனரைப் போட்டார்கள். நட் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஸ்பேனர் வழுக்கியது, முனை மழுங்கியது. "விட்டுடுங்க சாமிகளா" என்று பெரியப்பா காபி கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் பாயே பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் டிரங்குப் பெட்டி. உள்ளே அங்குலக் கணக்கு ஸ்பேனர்கள், எண்ணெய்த் துணியில் சுற்றி. கூடவே ஒரு நோட்டு. எந்த வண்டியில் எதற்கு எது பொருந்தியது என்று நாற்பது வருஷமாக எழுதியது. ஆனால், குனிந்து ஸ்பேனரை வைத்ததும் அவர் கை நடுங்கியது. இரண்டு தடவை முயன்றார். எழுந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் பேசவில்லை.

எதிர்வீட்டு ஐ.டி.ஐ. பையன் ஒருவன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"போனை வச்சிட்டு, கையை இங்க குடு" என்றார் பாய்.

நாலு மணி நேரம். பையனின் கை, பாயின் வாய். எந்த நட் முதலில், எதைத் தட்டலாம், எதைத் தட்டக்கூடாது, வாஷரின் உதடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், காற்றை எந்தச் சக்கரத்திலிருந்து எடுக்க வேண்டும்... சாயங்காலம் பெடல் கல் மாதிரி நின்றது. பையன் முகத்தில் கிரீஸ். அதற்குள் சிரிப்பு.

டீ குடிக்கும்போது பாய் மெதுவாகச் சொன்னார். "வாஷர் லண்டன்லேருந்து பதினோரு நாள்ல வந்துடுச்சு தம்பி. நான் போயிட்டா, நான் எங்கேருந்து வருவேன்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியப்பா சொன்னார். பாய்க்கு பஸ் செலவும் பையனுக்கு ஒரு சம்பளமும் தன் பொறுப்பு, மாசத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் வகுப்பு. பாட நூல், அந்த நோட்டு. இதுவரை மூன்று வகுப்பு ஆகியிருக்கிறது. பையன் பரீட்சையில் ஃபெயில் ஆனால் பிரேக்கும் ஃபெயில் என்பதால் ரொம்பக் கவனமாகப் படிக்கிறான்.

மார்கழியில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக மைனர் சிதம்பரம் போய்ச் சேர்ந்தது. பெரியம்மா முன்சீட்டில். கீழவீதியில் சட்டென்று ஒரு மாடு குறுக்கே வந்தது. வண்டி நின்றது. மாடு திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாகப் போனது. அந்த மாட்டுக்குத் தெரியாது, தன் உயிர் எத்தனை பேர் கை பட்டது என்று.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாய், ஒரு ஆசாரி, ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் இருப்பார். அவர் பக்கத்தில் ஒரு பையனை உட்கார வையுங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 1957 மாடல் மைனருக்கு இண்டிகேட்டர் விளக்கு கிடையாது. பக்கத்திலிருந்து சின்னக் கை ஒன்று நீளும். எங்கள் மைனரின் இடது கை போன வாரம் நீண்டது, மடங்க மாட்டேன் என்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் மைனரின் இடது கை ஏதாவது கிடந்தால் தெரிவியுங்கள். அதுவரை நாங்கள் இடது பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்கிறோம்.