கும்பகோணத்துக்கு ரோபோ வந்தது. சாய்தளம் எப்போது வரும்?

2018ஆம் ஆண்டு கும்பகோணத்துக்கு ஒரு ரோபோ வந்தது. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்கி உயிரை விடக் கூடாது என்பதற்காக, அப்போது நகராட்சியாக இருந்த நம் ஊர் வரவழைத்த ‘பாண்டிகூட்’ இயந்திரம் அது. திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு.

அதே நிறுவனம் பின்னர் ‘ஜி-கெய்ட்டர்’ என்ற இன்னொரு ரோபோவையும் உருவாக்கியது. பக்கவாதத்தாலோ, முதுகுத்தண்டில் அடிபட்டோ நடை இழந்தவரை வார்ப்பட்டைகளால் தாங்கி நிறுத்தி, அவருடைய கால்களை மோட்டார் மூலம் அசைத்து, மீண்டும் மீண்டும் நடக்கப் பழக்கும் இயந்திரம் இது. பயிற்சியாளர் ஒருவர் நோயாளியின் காலைக் கையால் தூக்கி வைத்துப் பழக்கினால் கொஞ்ச நேரத்தில் அவருக்கே களைப்பு வந்துவிடும். இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. கேரளத்தில் அரசு மருத்துவமனையிலேயே இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போது நமக்கு மகிழ்ச்சி வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. சாக்கடை அள்ள ரோபோ வந்த ஊரில், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் எத்தனை கட்டடங்களுக்குள் யார் துணையும் இல்லாமல் நுழைய முடியும்?

சென்னையில் நடப்பது என்ன?

இந்தத் துறையில் தமிழகம் பின்தங்கியிருக்கவில்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் மறுவாழ்வுக் கருவிகளுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. 2021இல் அங்கிருந்து ‘நியோஃபிளை’ என்ற சக்கர நாற்காலி வந்தது. பயன்படுத்துபவரின் உடல் அளவுக்குத் தக்கபடி இதைப் பொருத்திக்கொள்ளலாம். இதன் முன்னால் ‘நியோபோல்ட்’ என்ற மோட்டார் பாகத்தை மாட்டினால் சாலையில் ஓடும் வண்டியாகிவிடும். ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 25 கிலோமீட்டர் போகலாம். ராஜகிரியிலோ பண்டாரவாடையிலோ இருப்பவர் கும்பகோணம் கடைவீதிக்கு வேலைக்குப் போவதற்கு அந்தத் தூரம் போதும்.

2022இல் ‘கதம்’ என்ற செயற்கை முழங்கால் வெளியானது. முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்களுக்கானது இது. 160 டிகிரி வரை மடங்கும் என்பதால் பேருந்திலும் ஆட்டோவிலும் நெருக்கி உட்கார முடியும். 2025இல் வந்த ‘ஒய்டி ஒன்’ நாற்காலியின் எடை வெறும் 9 கிலோ. மருத்துவமனைகளில் நாம் பார்க்கும் இரும்பு நாற்காலிகள் பெரும்பாலும் 15 கிலோவுக்குக் குறையாதவை.

இவற்றுக்கான தேவை நம் பகுதியில் இல்லையா? சர்க்கரை நோயில் காலை இழந்த அத்தா, பக்கவாதத்தில் படுத்த பாட்டி, வளைகுடாவில் சாரத்திலிருந்து விழுந்து ஊர் திரும்பிய மகன் என்று டெல்டாவின் எந்த ஊரிலும் கணக்கெடுக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மட்டும் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள்.

இடையில் நிற்கும் தடைகள்

முதல் தடை விலை. அறிமுகமானபோது நியோஃபிளையின் விலை 39,900 ரூபாய். நியோபோல்ட் 55,000 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் ஒரு மோட்டார் சைக்கிளின் விலை. அரசு உதவிகள் உண்டு. ஆனால் அதற்கு அடையாள அட்டை, மருத்துவச் சான்று, விண்ணப்பம் என்று அலைய வேண்டும். மாவட்டத் தலைநகரான தஞ்சாவூர் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நடக்க முடியாதவரைத்தான் அதிகம் நடக்க வைக்கிறோம்.

இரண்டாவது தடை, நாம் தருமம் செய்யும் முறை. விழா வைத்து, ஒரே அளவில் பத்து நாற்காலிகளை வாங்கி, மேடையில் வழங்கிப் படம் எடுக்கிறோம். நல்ல எண்ணத்தில் குறையில்லை. ஆனால் உடலுக்குப் பொருந்தாத நாற்காலி தோள்வலியையும் படுக்கைப் புண்ணைப் போன்ற புண்ணையும் கொண்டுவரும். ஒரு சக்கரம் கழன்றால் சரிசெய்ய ஆள் இருக்காது. சில மாதங்களில் அது கொல்லைப்புறத்தில் துருப்பிடிக்கும். பத்துப் பேருக்குப் பொருந்தாத நாற்காலி கொடுப்பதைவிட, மூன்று பேருக்கு அளவெடுத்துச் செய்த நாற்காலி கொடுத்து, பழுதுபார்க்கும் செலவையும் ஏற்பது மேல்.

மூன்றாவது தடை வாசற்படி. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய நாற்காலியும் மூன்று படிகளுக்கு முன்னால் நின்றுவிடும்.

சட்டம் சொல்வது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் ‘பொதுக் கட்டடம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தரப்பட்டிருக்கிறது. அரசுக் கட்டடங்கள் மட்டுமல்ல, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களும் அதில் அடங்கும். சமயக் காரியங்களுக்கான கட்டடங்களும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. அதாவது பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் அந்த வரையறைக்குள் வருகின்றன. இருக்கும் கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. 2017இல் விதிகள் வந்தன, அவகாசமும் முடிந்துவிட்டது. அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்க முடியாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

நாம் செய்யக்கூடியவை

சட்டம் வந்து கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் பாங்கு சொன்னவர். மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதுண்டு. அந்த வரலாற்றை பயானில் கேட்கும் நாம், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம் பள்ளிவாசலின் படிகளை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஒன்றரை அடி உயரமுள்ள வாசலுக்கு 18 அடி போதும். செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவைப் போட்டுவிட்டு சாய்தளம் என்று சொல்வது ஆபத்து. நாற்காலி பின்னால் சரியும். பக்கவாட்டில் கைப்பிடி வேண்டும். ஒளுச் செய்யும் இடத்தில் உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் ஒரு குழாயும், சக்கரம் நுழையும் அகலத்தில் ஒரு கழிப்பறைக் கதவும் வேண்டும். சக்கரத்தின் தூய்மை பற்றிய ஐயத்தை ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். முழங்கால் வலிக்காரர்களுக்காக நாற்காலிகளைப் பள்ளிக்குள் அனுமதித்த சமுதாயம்தான் நாம்.

அடுத்து, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் பட்டியலை எடுக்கட்டும். பெண்களையும் குழந்தைகளையும் விட்டுவிடாமல் எடுக்க வேண்டும். வீட்டுக்குள் மறைந்திருப்பவர்கள் அவர்களே. அடையாள அட்டைக்கும் அரசு உதவிக்கும் விண்ணப்பிக்க ஓர் இளைஞரைப் பொறுப்பாக்கலாம். அரசு தராத மீதித் தொகைக்கு பைத்துல்மாலும், வெளிநாட்டில் உள்ள நம் பிள்ளைகளும் கைகொடுக்கலாம். ஜகாத் நிதியை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதையும் ஆலிம்கள் வழிகாட்டுவார்கள்.

நடை பழக்கும் ரோபோவை அரசிடம் கேட்போம். கும்பகோணம் அரசு மருத்துவமனைக்கு அதைக் கேட்பது நம் உரிமை. அது வரும்போது வரட்டும். பள்ளிவாசலின் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் 18 அடி சாய்தளம் போட எந்த ரோபோவும் தேவையில்லை. ஒரு கொத்தனாரும், நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானமும் போதும். வருகிற ரமழானுக்கு முன் அதை முடித்தால், பல ஆண்டுகளாக வீட்டிலேயே தொழுதுகொண்டிருக்கும் ஒருவர் இன்ஷா அல்லாஹ் நம் ஸஃப்பில் வந்து சேர்வார்.