காய்ச்சலுக்கு டோக்கன் வேண்டாம்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

ரத்தப் புற்றுநோய் வார்டில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் நான். முக்கியமாகக் கேட்க வந்தது ஒன்றுதான். ரத்தப் புற்றுநோயாளி காய்ச்சலோடு வந்தால், அது எந்த ஊர் அரசு மருத்துவமனையானாலும், ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும்.

தாமதம் எங்கே நடக்கிறது என்று சொல்கிறேன். இரவு கேஷுவாலிட்டியில் ரிப்போர்ட்டைப் புரட்டுகிறவரின் கண் முதலில் போவது டோட்டல் கவுண்ட் மேல். 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளணு 40,000 என்றிருக்கும். "கவுண்ட்தான் நிறைய இருக்கே, வைரல் காய்ச்சலா இருக்கும், காலையில ஓ.பி.க்கு வாங்க" என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அதே தாளில் நாலு வரி கீழே பிளாஸ்ட் 96 சதவீதம், நியூட்ரோஃபில் 1 சதவீதம் என்று அச்சாகியிருந்தது. கணக்குப் போட்டால், கிருமியோடு மல்லுக்கட்டத் தெரிந்த அணுவான நியூட்ரோஃபில் மைக்ரோலிட்டருக்கு வெறும் 400. ஐந்நூறுக்குக் கீழே போனாலே ஆபத்து. களம் நிறைய நெல், தூற்றிப் பார்த்தால் அத்தனையும் பதர்.

பிளாஸ்ட் என்பது எலும்பு மஜ்ஜையில் முதிராமலே ரத்தத்துக்கு வந்துவிட்ட அணு. பாக்டீரியாவை விழுங்கிக் கொல்லும் சரக்கு அதனிடம் கிடையாது. மஜ்ஜையை அடைத்துக்கொண்டு நல்ல அணு பிறப்பதையும் அது கெடுக்கும். தப்பிப் பிறக்கும் நியூட்ரோஃபில்களும் பல சமயம் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். சிகிச்சைக்குத் தரும் ஸ்டீராய்டு அவற்றை இன்னும் மந்தமாக்கும். கீமோ கொடுத்து ஒன்றிரண்டு வாரத்தில் மிச்சமிருப்பதும் இறங்கிவிடும். முதியவர்களுக்கு வரும் நாள்பட்ட லிம்ஃபோசைட் வகையில் கதை கொஞ்சம் வேறு: அணு லட்சத்தைத் தாண்டினாலும் ஆன்டிபாடி குறைந்துகொண்டே போகும்.

சீழ் என்பதே பெரும்பாலும் நியூட்ரோஃபில்கள் குவிந்து மடிந்த மிச்சம்தான். அவை இல்லாத உடம்பில் சீழ் கட்டாது, புண் சிவந்து வீங்காது. நிமோனியா வந்தவருக்குக்கூட ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். ஊசி போட்ட இடத்தில் லேசான வலி, மலம் கழிக்கையில் எரிச்சல், வாயில் ஒரு புண், வேறொன்றும் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் துப்பு. அதைத்தான் நாம் பாராசிட்டமால் கொடுத்து அழிக்கிறோம். வாயில் வைத்துப் பார்த்து ஒருமுறை 101 டிகிரி காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலோ அவசரம்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. நியூட்ரோஃபில் குறையக் குறையத் தொற்று கூடுகிறது என்று, கடும் ரத்தப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து ஜெரால்ட் போடியும் சகாக்களும் 1966-லேயே எழுதிவிட்டார்கள். ஒரு மணி நேரக் கெடுவும் என் ஆசைக்குச் சொன்னதல்ல; அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டியில் இருப்பது.

ஆன்டிபயாடிக்கை அள்ளி வீசாதே என்று துறையே சொல்லிவருகிறது, சரிதான். சளிக்கும் ஜுரத்துக்கும் வீசியதைப் பற்றி நானும் புலம்பியிருக்கிறேன். ஆனால் இந்த நோயாளிக்குக் காத்திருந்தால், ராத்திரி நடந்து வந்தவர் விடியும்போது செப்சிஸில் பி.பி. இறங்கிக் கிடப்பார். கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும். எடுத்துவிட்டு மருந்தை ஏற்றலாம். ரிசல்ட் வந்தபின் மாற்றலாம், நிறுத்தலாம்.

உங்கள் துறைக்கு இந்த வழி தெரியாததல்ல. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரட்டும் என்று காத்திருப்பதில்லை. ரத்தப் புற்றுநோய்க் காய்ச்சலுக்குத் தாலுகா மருத்துவமனை அளவில் அப்படி ஒரு உத்தரவு போதும். முதல் டோஸ் ஏற்றிவிட்டு 108-இல் ரெஃபர் செய்யட்டும். எந்த மருந்து, எவ்வளவு, எதற்கு அலர்ஜி என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவமனையே ஒரு அட்டையில் எழுதி நோயாளி கையில் கொடுத்துவிட்டால், இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டர் யோசித்துத் தயங்க வேண்டியிருக்காது. அட்டையைக் காட்டினால் வரிசையில் நிற்கவைக்கக் கூடாது. காய்ச்சல் சீசனில் இருமுகிற கூட்டத்துக்கு நடுவே உட்காரவைக்கவே கூடாது.

கூடவே இன்னொன்று. டோட்டல் கவுண்டுக்குப் பக்கத்திலேயே நியூட்ரோஃபிலின் எண்ணிக்கையையும் நேரடியாக அச்சிடச் சொல்லி எல்லா அரசு லேப்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். சதவீதத்தைப் பெருக்குகிற வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அட்டைக்கும் உத்தரவுக்கும் கமிட்டி, கூட்டம் என்று நாளாகலாம். இதை இந்த வாரமே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர்