ஊசி குத்தினால் பரவுமாம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணின் மார்பில் கட்டி கண்டால், வைத்தியர் வாய் திறக்கும் முன்பே ஊர் தீர்ப்பைச் சொல்லிவிடும்: "ஊசி குத்த விடாதை பிள்ளை, குத்தினாப் பரவிடும்." ஆதாரமும் கையோடு இருக்கும். "நல்லாத்தானே திரிஞ்சவ, கத்தி வைச்சாப் பிறகுதானே படுத்தவ?"

சாட்சி சொல்பவர் பொய் சொல்லவில்லை. கணக்குத்தான் பொய். அந்தப் பெண் பல மாதம் பத்துப் போட்டு, நேர்த்தி வைத்து, கட்டி புண்ணாகி வெடித்தபின் ஆசுப்பத்திரிக்குப் போனவர். கத்தி தொடுமுன்பே நோய் கக்கத்து நிணநீர்க் கணுக்களைத் தாண்டியிருக்கும். கட்டியிலிருந்து தசை எடுக்கும் ஊசி போன வழியில் சில கலங்கள் இடம்பெயர்வதுண்டு என்பது மெய். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிந்துபோகும். மிஞ்சுவதைப் பின்னால் வரும் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் பார்த்துக்கொள்ளும். ஊசி குத்தியதால் ஆயுள் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

ஊசிக்குப் பயந்தவர்கள் இரத்தம் கொடுக்கப் பயப்படுவதில்லை என்பது வேடிக்கை. தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தத்திலுள்ள 'சிஏ 15-3' என்ற புரதத்தைப் பார்த்து, அளவு சரி என்றதும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தொடக்க நிலைப் புற்றுநோயில் அந்த அளவு பெரும்பாலும் வழமைபோலவே இருக்கும். கேட்க வேண்டிய புரதங்கள் கட்டிக்குள்ளே இருக்கின்றன.

ஊசி எடுத்துவரும் நூலளவு தசையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் வாங்கிப் புரதம் இருந்தால் கலத்தின் கருவில் கபில நிறம் ஏறும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதில் அது ஏறுகிறது. அந்தப் பெண்களுக்குத் தமொக்சிபென் போன்ற குளிசைகள் வேலை செய்யும். கலங்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதை கேஐ-67 என்ற புரதம் சொல்லும். ஜெர்மனியின் கீல் நகரில் கண்டெடுத்ததால் வந்த பெயர் அது.

ஹெர்-2 புரதத்தின் கதை இன்னும் பெரியது. 1987இல் ஆய்வாளர் டெனிஸ் சிலேமனும் கூட்டாளிகளும் 189 கட்டிகளைப் பார்த்து, அதன் மரபணு பெருகியிருந்த பெண்களுக்கு நோய் விரைவில் திரும்பியதைக் காட்டினார்கள். அன்று அது கெட்ட சகுனம். அதே புரதத்தைக் குறிவைத்த டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபின், சகுனமே மருந்துக்கு வாசலாயிற்று. ஊசியை மறுக்கிற பெண் இழப்பது இந்த வாசலைத்தான். எந்த நோய் என்றே தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது?

மருத்துவம் எங்களுக்குப் புதிதுமல்ல: யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த மண் இது. மகரகமப் புற்றுநோய் மருத்துவமனை தூரம் என்ற சாட்டும் இப்போது செல்லாது. 2011இல் தெவுந்தரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் மருத்துவமனை எழுந்துவிட்டது.

பிறகும் ஏன் இந்த நம்பிக்கை சாகவில்லை? செத்தவருக்குப் பத்திரிகையில் மரண அறிவித்தல் வரும், மதிலில் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்படும். பிழைத்தவருக்கு ஒன்றும் இல்லை. மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று தெல்லிப்பழைக்குப் போனதை மறைத்து, ஐந்து வருடம் தினமும் போட்ட குளிசையைப் 'பிறஷர் குளிசை' என்று சொல்லிச் சமாளித்த அம்மாமார் கோயில் வீதியில் எங்களுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். "ஊசி குத்தினாப் பரவும்" என்று யாரோ சொல்லும்போது, அவர்களும் தேரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.