3 வயதுக் கையில் பென்சில்

எல்.கே.ஜி. சேர்ந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளை அ, ஆ எழுதிக் காட்டிவிட வேண்டும் என்பது தமிழ்நாட்டு வீடுகளில் வேரோடிப்போன நம்பிக்கை. சீக்கிரம் எழுதும் பிள்ளைக்குத்தான் படிப்பு வரும் என்ற இந்தக் கணக்கு தப்பு. குழந்தையின் கையைப் பார்த்தாலே அது தெரியும்.

மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அத்தனையும் குருத்தெலும்புதான். 3 வயதில் இரண்டு மூன்று மட்டுமே எலும்பாக இறுகத் தொடங்கியிருக்கும். விரல் தசைகளும் அப்போது பிஞ்சு. அந்த வயதில் பல குழந்தைகள் பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறார்கள். கோடு விரலிலிருந்து அல்ல, தோளிலிருந்து வருகிறது. பக்கம் நிறைய ‘இ’ எழுதச் சொன்னால் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்துவார்கள். நாலாவது வரியில் சுழி கோட்டை விட்டு இறங்கிவிடும். அதைச் சோம்பல் என்று அதட்டுவது அநியாயம்.

மரியா மாண்டிசோரி 1907இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ‘குழந்தைகள் இல்லம்’ எழுத்தை ஒதுக்கவில்லை. கையைத் தயார்செய்த பிறகு அதற்குப் போனது. குமிழ் வைத்த மர உருளையை மூன்று விரலால் தூக்கிக் குழியில் பொருத்தும் குழந்தை, பென்சில் இல்லாமலே பென்சில் பிடியைப் பழகுகிறது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தின் மேல் விரலை ஓட்டி ஒலியைச் சொல்லச் சொல்ல, வளைவு கைக்குள் பதிந்துவிடுகிறது. அங்கே நாலைந்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே எழுதத் தொடங்கினார்கள்.

இது வெளிநாட்டுப் பழக்கம் என்று தள்ளவும் இடமில்லை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால்தான் எழுதினார்கள். எழுத்தாணி பிறகு வந்தது. மாண்டிசோரியே 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இரண்டாம் உலகப் போர் முடியும்வரை இந்தியாவில்தான் இருந்தார்.

மாண்டிசோரி முறையைப்போல் பிள்ளையை அதன் போக்கில் விட்டால் கெட்டுப்போகும் என்பது அடுத்த வாதம். இந்த முறையில் எந்தப் பொருள் அலமாரிக்கு வரவேண்டும், எப்போது வரவேண்டும் என்பது ஆசிரியர் கையில். அதில் எதை எடுப்பது, எத்தனை தடவை செய்வது என்பதுதான் குழந்தை கையில். எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இன்னொரு பிள்ளை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கரும்பலகையில் எழுதிப்போட்டு 40 பிள்ளைகளையும் பார்த்தெழுதச் சொல்வதைவிட, ஒவ்வொரு பிள்ளையையும் கவனித்து அடுத்த பொருளை எடுத்துக்கொடுப்பது ஆசிரியருக்குப் பல மடங்கு கடினமான வேலை.

மாண்டிசோரி என்ற பெயரை எந்தப் பள்ளியும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஆகவே சேர்க்கும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியது வகுப்பறையை: அலமாரி குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா, உருளைகளின் குமிழ்கள் கைபட்டுத் தேய்ந்திருக்கின்றனவா என்று.