‘சராசரி மழை’ என்றால் பயமில்லை என்றா பொருள்?

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். பிப்ரவரி வாக்கில் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்ற காலத்தைச் சொல்வார்கள். காலடியில் சருகு சரசரக்கும். பால் குறையும், கையில் வரும் சம்பளமும் குறையும். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் விட்டு மரம் மறுபடி பச்சையாகும். பனியே விழாத நம் நாட்டில் நமக்கு வாய்த்த வசந்தம் அதுதான்.

இன்று புக்கிட் பெலிம்பிங் வட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் செம்பனை. அது இப்படி இலை உதிர்ப்பதில்லை. மரத்தைப் பார்த்துப் பருவத்தை அறிந்த பழக்கம் போய், கைப்பேசியில் வரும் வானிலை முன்னோட்டத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அதை எப்படிப் படிப்பது என்று நமக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

மலேசிய வானிலை ஆய்வுத் துறை அடுத்து வரும் மாதங்களுக்கான நீண்டகால முன்னோட்டத்தை வெளியிடுகிறது. மழை சராசரிக்கு மேலா, சராசரியை ஒட்டியா, கீழா என்பதே அதன் சாரம். இது ஜோதிடமல்ல. கடல் வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் கணினியில் இட்டுக் கணக்கிடும் வாய்ப்பு விகிதம். ‘வறட்சிக்கு 60 விழுக்காடு வாய்ப்பு’ என்றால், இதே நிலைமை பத்து முறை வந்தால் நான்கு முறை வறட்சி வராமலும் போகலாம் என்று பொருள். அப்படிப் போனால் முன்னோட்டம் பொய்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘சராசரி’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு மாதத்தில் 200 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மில்லிமீட்டராக 25 நாள் தூறினாலும் கணக்கு 200தான். மூன்று வாரம் காய்ந்துவிட்டு, நான்கே மாலைகளில் 50, 50 ஆகக் கொட்டினாலும் கணக்கு 200தான். காகிதத்தில் இரண்டும் ஒன்று. தோட்டத்தில் அப்படியல்ல. முதலாவது மழையை மண் குடிக்கும். இரண்டாவது மழை வடிகாலை உடைத்துக்கொண்டு லயத்துக்குள் வரும்.

பெரிய வட்டாரத்துக்குச் சொல்லும் கணிப்பு சின்ன இடத்துக்கு அப்படியே பொருந்தாது என்பது உலகம் முழுவதும் உள்ள கதைதான். வட அமெரிக்காவின் பேரேரிக் கரைகளில், உள்நாட்டில் வெயில் ஏறிய பிறகும் கரையோரத்தில் குளிர் விடாது. குளிர்ந்த ஏரி நீர் வசந்தத்தைப் பிடித்து நிறுத்திவைக்கும். நமக்கு அந்த ஏரியின் இடத்தில் மலாக்கா நீரிணை இருக்கிறது. அது செய்யும் வேலை வேறு.

மார்ச் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று ஓய்கிறது. தென்மேற்குக் காற்று இன்னும் நிலைகொள்ளவில்லை. சூரியனோ தலைக்கு நேர்மேலே. பெருங்காற்று இல்லாததால் உள்ளூர்க் காற்றுக்குக் கொண்டாட்டம். காலையில் நிலம் சுடுகிறது, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது, மேலெழும்பி மேகமாகிறது. பிற்பகலில் இடி. அதனால்தான் மேற்குக்கரையில் ஏப்ரல், மே மாதங்கள் ஆண்டின் இரண்டு பெருமழைக் காலங்களில் ஒன்றாக இருக்கின்றன. புக்கிட் பெலிம்பிங்கில் கொட்டும் மழை இரண்டு மைல் தள்ளி ஒரு துளியும் விழாமல் போவது இந்தப் பருவத்தில் சாதாரணம்.

எல்லாவற்றையும் எல் நினோ தலையில் கட்டுவதும் நம் வழக்கமாகிவிட்டது. 1998இலும் 2016இலும் நாம் பட்ட வெயிலுக்கு எல் நினோ காரணம் என்பது உண்மை. ஆனால் 2014 தொடக்கத்தில் எல் நினோ இல்லை. இருந்தும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை நின்றுபோய், அணை நீர்மட்டம் சரிந்து, சிலாங்கூரில் பங்கீட்டு முறையில் தண்ணீர் விட்டார்கள். 2021 டிசம்பரிலோ, வழக்கமாகக் கிழக்குக்கரைதான் வெள்ளத்துக்கு அஞ்சும் மாதத்தில், நம் சிலாங்கூர் மூழ்கியது. ‘எல் நினோ இல்லையாம், கவலையில்லை’ என்று இருந்துவிட முடியாது என்பதற்கு இவை சாட்சி.

அப்படியானால் முன்னோட்டத்தால் பயனே இல்லையா? உண்டு. அதை வேலைத் திட்டமாக மாற்றினால் உண்டு.

செம்பனைக் குலை வெட்டுபவரின் கையில் இருப்பது நீண்ட அலுமினியக் கழி, அதன் நுனியில் அரிவாள். இடி முழங்கும் வானத்தின் கீழ் ஒருவர் ஏந்தக்கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அதுதான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவு என்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே வேலையை நிறுத்த வேண்டும். மரத்தடி பாதுகாப்பல்ல. கட்டடத்துக்குள்ளோ, மேலே இரும்புக் கூரையுள்ள மூடிய வாகனத்துக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. இந்த விதி பலருக்கும் தெரியும்.

தெரிந்தும் ஏன் நிற்பதில்லை? வெட்டிய அளவுக்குத்தான் கூலி என்றால், இடிக்காக ஒதுங்கும் ஒவ்வொரு மணி நேரமும் தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து போகிறது. வெட்டிய குலை தாமதமின்றி ஆலைக்குப் போக வேண்டும் என்ற நெருக்கடி வேறு. வானம் செய்யும் வேலைக்குத் தொழிலாளி அபராதம் கட்டுவது நியாயமா? இடிக்காக நின்ற நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலியாவது தரவேண்டும் என்பது என் கருத்து.

‘நம் ஊரில் இடி இல்லாத நாளே குறைவு, ஒவ்வொன்றுக்கும் நின்றால் தோட்டம் ஓடுமா?’ என்று நிர்வாகம் கேட்கலாம். அங்கேதான் முன்னோட்டம் உதவுகிறது. பிற்பகல் இடி எந்த மாதங்களில் அதிகம் என்று முன்கூட்டியே தெரியும். மார்ச் கடைசி முதல் மே வரை வெட்டு வேலையைச் சீக்கிரம் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துக்கொள்ளலாம். உரம் போடுவதையும் பெருமழைக்கு முன் இல்லாதபடி தள்ளிவைக்கலாம். அன்றைய எச்சரிக்கையைக் காலைப் பெரட்டில் தமிழிலும், இன்று நம்மோடு உழைக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களின் மொழியிலும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் தோட்ட அலுவலகங்களில் மழைமானி இருந்தது. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது என்பதால் கிராணி அதைக் காலையில் அளந்து எழுதிவைப்பார். தோட்டம் துண்டாடப்படும்போது அந்த ஏடுகளும் குப்பைக்குப் போகின்றன. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர். தமிழ்ப்பள்ளிதோறும் ஒரு மழைமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால், பத்தாண்டில் நம் ஊரின் சராசரி நம்மிடமே இருக்கும்.

வரும் மார்ச் 28 அல்லது 29ஆம் தேதி மதியம் 1.20 வாக்கில், வெயில் அடித்தால் திடலில் போய் நில்லுங்கள். உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அன்று மாலை இடித்ததா, எத்தனை மணிக்கு, எவ்வளவு பெய்தது என்று எழுதி வையுங்கள். அதுவே முதல் பக்கமாக இருக்கட்டும்.