மேடையில் உண்டு, குழுவில் இல்லை

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் இன்று யார் யார் என்று கேட்டால் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், ரானி வுட் என மூன்று பெயர்களோடு பட்டியல் முடிந்துவிடும். மேடையில் பேஸ் கிதார் வாசிக்கும் டேரில் ஜோன்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. இருபத்தோரு வயதிலேயே ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர் அவர். 1993இல் பில் வைமன் விலகிய பிறகு ஸ்டோன்ஸுக்கு வந்தார். வைமன் குழுவில் இருந்தது சுமார் முப்பது ஆண்டுகள். ஜோன்ஸ் வாசிக்கத் தொடங்கியும் முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் வைமன் உறுப்பினர். ஜோன்ஸ் சம்பளத்துக்கு வாசிப்பவர். 1982 முதல் கீபோர்டு வாசிக்கும் சக் லெவலின் நிலையும் இதுதான்.

பக்கவாத்தியம் நமக்குப் பழகிய சொல். ஆனால் கச்சேரி அழைப்பிதழில் மிருதங்கக்காரரின் பெயர் அச்சாகும். தனி ஆவர்த்தனம் அவருக்கே உரியது. ராக் உலகின் கூலிக்கலைஞருக்கு அந்த இடமும் இல்லை. ‘ஹயர்டு கன்’ என்று தொழிலில் சொல்வார்கள். கூலிக்குத் துப்பாக்கி தூக்குபவன் என்று பொருள். அழைப்பு வந்ததும் இருபது, முப்பது பாடல்களைத் தானே கேட்டுப் பாடம் செய்துகொண்டு ஒத்திகைக்குப் போக வேண்டும். இன்னொருவர் என்றோ பதிவு செய்த வாசிப்பை, ரசிகர் மனதில் இருக்கும் அதே உருவில் ஒவ்வோர் இரவும் திருப்பித் தர வேண்டும். இசைப்பயணம் நடக்கும் வாரங்களுக்குச் சம்பளம், சாப்பாட்டுக்குப் பேட்டா. பயணம் முடிந்தால் பெரும்பாலோருக்கு வருமானமும் முடிந்தது. 2020இல் உலகெங்கும் கச்சேரிகள் நின்றபோது, பாடல்களுக்கு உரிமை வைத்திருந்தவர்களுக்கு ராயல்டி வந்துகொண்டிருந்தது. மேடைக்கூலியை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு எதுவும் வரவில்லை.

சம்பளமே அநீதி என்று நான் சொல்லவில்லை. அதில் ஒரு பாதுகாப்பு உண்டு. பிங்க் ஃபிளாய்டு குழுவின் கீபோர்டுக் கலைஞர் ரிச்சர்ட் ரைட், ‘தி வால்’ ஆல்பம் உருவானபோது குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1980–81இல் நடந்த அதன் மேடை நிகழ்ச்சிகளுக்குச் சம்பளக்காரராகத் திரும்பி வந்து வாசித்தார். பிரம்மாண்ட அரங்க அமைப்பின் செலவால் அந்த நிகழ்ச்சிகள் நட்டத்தில் முடிந்தன. மற்ற மூவரும் நட்டத்தைச் சுமக்க, பணத்தோடு வீடு திரும்பியவர் ரைட் ஒருவர்தான். முதல் போடுபவர் லாபத்தை எடுத்துக்கொள்கிறார். போடாதவர் கூலியை வாங்கிக்கொள்கிறார். பயணத்தைப் பொறுத்தவரை இந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது.

இசைப்பதிவுக்கு வரும்போதுதான் கணக்கு உதைக்கிறது. அதே ரைட் இசையமைத்த ஒரு துண்டுக்குப் பாட, 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் ஆபி ரோடு இசைக்கூடத்துக்கு வந்தார் பாடகி கிளேர் டோரி. பாட வரிகள் இல்லை, மெட்டும் இல்லை. கொடுக்கப்பட்டது பியானோவின் சுரக்கோவை மட்டுமே. அதன்மேல் அழுகையும் ஆவேசமும் அடங்கலுமாக அவர் பாடியதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியவை. கூலி 30 பவுண்டு. ஞாயிறு என்பதால் அதுவே இரட்டிப்புத் தொகை. அந்தத் துண்டு இடம்பெற்ற ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ என்ற அந்தப் பாட்டிலிருந்து டோரியின் குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பியானோ முன்னுரை. 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்டது. அதன்பிறகே இசையமைத்தவர்களில் ஒருவராக அவர் பெயர் ரைட்டின் பெயரோடு இடம்பெற்றது. ஒரு நாளில் செய்த வேலைக்கு உரிய பெயர் கிடைக்க 32 ஆண்டுகள் ஆயின.

எழுதிக் கொடுத்ததை வாசிப்பது வேறு, இல்லாததை உண்டாக்குவது வேறு. முதலாவதற்குக் கூலி சரியான விலை. இரண்டாவதைக் கூலியால் வாங்கிவிட முடியாது. ஆனால் ஒப்பந்தத் தாள் இரண்டையும் ஒரே வரியில் அடக்கிவிடுகிறது.

சட்டம் ஓரளவே கைகொடுக்கிறது. பிரிட்டனில் ஒரு பதிவு வானொலியில் ஒலித்தால் அதில் வாசித்த துணைக்கலைஞருக்கும் ஒரு பங்கு போகும். அமெரிக்காவின் சாதாரண வானொலி, பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பணம் தருகிறது; வாசித்தவருக்கும் பாடியவருக்கும் தருவதில்லை. இணைய, செயற்கைக்கோள் வானொலிகளுக்கு அங்கே தனிச்சட்டம் உண்டு. பதிவின் உரிமையாளருக்கு 50 விழுக்காடு, முதன்மைக் கலைஞருக்கு 45, துணைக்கலைஞர்களுக்கு 5. இந்த ஐந்திலும் பாதி வாத்தியக்காரர்களுக்கு, பாதி பாடகர்களுக்கு. சிறிய தொகைதான் என்றாலும் கூலி வாங்கியதோடு உறவு முடிந்துவிடவில்லை என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அதனால் அந்த ஐந்து எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் கேட்பவர்களோ, விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் எடுத்துக் கேட்கும் ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே இந்த ஐந்து விழுக்காட்டு விதி செல்லாது.

எல்லோரையும் உறுப்பினராக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவை இவைதான்: வாசிப்பவர் புதிதாகச் சேர்த்தது பாட்டில் நிலைத்தால் அதற்கு ஒரு சிறு பங்கு, மேடை நிகழ்ச்சி பிறகு ஆல்பமாகவோ படமாகவோ விற்கப்பட்டால் அதற்குத் தனிப்பணம், அடுத்த பயணத்துக்காக வேறு வேலை ஏற்காமல் காத்திருக்கச் சொன்னால் அந்த மாதங்களுக்கும் சம்பளம். அன்றைய கூலிச்சீட்டில் கையெழுத்து வாங்கும்போதே இவற்றையும் எழுதிவிடலாம்.