தாயும் ஓடலாம்

நம் இல்லங்களில் எல்லோருக்கும் முன்னர் எழுபவளும் எல்லோருக்கும் பின்னர் உறங்குபவளும் தாயே. நாள் முழுவதும் அவள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றாள். அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் இடையே ஓர் ஓட்டம். பள்ளிக்கூட வாசலுக்கும் சந்தைக்கும் இடையே ஓர் ஓட்டம். உத்தியோகம் பார்ப்பவளாயின் பஸ்ஸைப் பிடிப்பதற்கு வேறோர் ஓட்டம். இவற்றைக் கண்டு எவரும் வியப்பதில்லை. ஆனால், அதே தாய் தன் உடல்நலத்தின் பொருட்டு அதிகாலையில் அரைமணி நேரம் வீதியில் ஓடத் தலைப்பட்டால் மட்டும், "இந்த வயதில் இதென்ன புதுக்கோலம்?" என்ற கேள்வி எழுந்துவிடுகின்றது. அக்கேள்வி அயலாரிடமிருந்து வருமுன்னரே அவளுடைய உள்ளத்திலிருந்து வந்துவிடுவதுதான் இன்னும் வருந்தத்தக்கது. ஓட விரும்பியும் தயங்கி நிற்கும் அத்தகைய தாய்மார்க்காகவே இவ்வாரம் எழுதுகின்றோம்.

சகோதரிகளே, இக்கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1948ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றது. அதில் ஓடுவதற்கு ஒல்லாந்து தேசத்திலிருந்து ஃபனி பிளாங்கர்ஸ்-கோன் என்னும் பெண்மணி வந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 30. இரு குழந்தைகளின் தாய். வயது கடந்துவிட்டது என்று சிலர் கூறினர். வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்ப்பதே அவருக்குத் தகும் என்று வேறு சிலர் கூறினர். அவரோ 100 மீற்றர், 200 மீற்றர், 80 மீற்றர் தடைதாண்டல், அஞ்சலோட்டம் ஆகிய நான்கிலும் தங்கப் பதக்கம் பெற்றார். 1999ஆம் ஆண்டில் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் அவரையே நூற்றாண்டின் தலைசிறந்த வீராங்கனையாகத் தெரிவு செய்தது.

அவருடைய வெற்றியினும் நம் மனத்தைத் தொடுவது வேறொன்று. இரண்டு பதக்கங்களைப் பெற்ற பின்னர், 200 மீற்றர் அரையிறுதி ஓட்டத்திற்குச் சற்று முன்னர், வீட்டு நினைவு மேலிட்டு அவர் மனமுடைந்து போனார். கணவர் நெடுநேரம் ஆறுதல் கூறிய பின்னரே களத்தில் இறங்கினார். ஓடுகின்ற தாய் பிள்ளைகளை மறந்தவள் அல்லள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெண்ணுடல் நெடுந்தூர ஓட்டத்தைத் தாங்காது என்னும் எண்ணமும் நீண்ட காலம் நிலவியது. 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக் விழாவில் பெண்களுக்கு 800 மீற்றர் ஓட்டம் வைக்கப்பட்டது. ஓடி முடித்தோர் சிலர் களைத்து வீழ்ந்ததைப் பெரிதுபடுத்தி அவ்வோட்டத்தையே நீக்கிவிட்டனர். ஓடிக் களைப்பது ஆடவர்க்கும் இயல்பே என்பதை எவரும் எண்ணினாரில்லை. 1960ஆம் ஆண்டிலேதான் அது மீண்டும் இடம்பெற்றது. பெண்களுக்கான மரதன் ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்வதற்கு 1984ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே, "உன்னால் இயலாது" என்ற சொல் உடலை ஆராய்ந்து சொல்லப்பட்டதன்று. வழக்கத்தை நோக்கிச் சொல்லப்பட்டதே.

நம்மிடையேயும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், எழுபது வயதைக் கடந்த நிலையில், 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்று திரும்பினார். முப்பதிலும் நாற்பதிலும் வயதாகிவிட்டதென்று சோர்வோர் அவரை எண்ணிப் பார்த்தல் நலம்.

எனினும், பதக்கம் பெறுவது நம் நோக்கமன்று. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காதிருத்தலும், இரவில் அயர்ந்து உறங்குதலும், மனம் இலேசாக இருத்தலுமே நாம் வேண்டுவன. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லந்தோறும் நுழைந்துவிட்ட இக்காலத்தில் அவற்றைத் தூரத்தே நிறுத்தவும் ஓட்டம் பெரிதும் உதவும்.

தொடங்குவோர் முதல் நாளிலேயே நெடுந்தூரம் ஓட முயலுதல் கூடாது. நுரையீரல் விரைவிற் பழகிவிடும். முழங்காலும் கணுக்காலும் மெதுவாகவே பழகும். ஆதலால் முதலில் ஐந்து நிமிடம் விரைந்து நடவுங்கள். பின்னர் ஒரு நிமிடம் மெல்ல ஓடுங்கள். இரண்டு நிமிடம் நடவுங்கள். இவ்வாறு ஆறு தடவை செய்து, இறுதியில் ஐந்து நிமிடம் நடந்து முடியுங்கள். மணிக்கூடு இல்லையேல், ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடி, அதன்பின் இரண்டு கம்பங்கள் வரை நடந்தாலும் போதும். வாரத்தில் மூன்று நாட்கள் ஓட்டம். இடையிலுள்ள நாட்கள் உடலுக்கு ஓய்வு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டி, நடக்கும் நேரத்தைச் சிறிது குறைத்துக்கொள்ளலாம். ஓடும்போது அருகில் வருபவரோடு இரண்டொரு வசனம் பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டதென்று அறிந்து குறைத்துக்கொள்க. இடையிடையே நடப்பது தோல்வியன்று, அதுவே முறை.

அண்மையிற் பிள்ளை பெற்றவர்கள் அவசரப்படலாகாது. நடையில் தொடங்கி, குறைந்தது மூன்று மாதங்களேனும் சென்ற பின்னர், வைத்தியரின் சம்மதம் பெற்று ஓடுதலே தக்கது. சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்களுக்கு இன்னுங் கூடுதலான காலம் வேண்டியிருக்கலாம். ஓடும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கத்தால் மறைத்து வைக்காதீர்கள். மகப்பேற்றினால் தளர்ந்த தசைகளைத் தகுந்த பயிற்சியால் வலுப்படுத்தலாம், வைத்தியரிடம் கூறுங்கள். பாலூட்டுந் தாய்மார் குழந்தைக்குப் பாலூட்டிய பின்னர் ஓடுவது வசதியானது. அளவான ஓட்டத்தினாற் பால் குறைந்துவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை. நீரும் உணவும் மட்டும் குறையாதிருத்தல் வேண்டும். நெஞ்சுவலி, தலைச்சுற்று, நெடுநாட் களைப்பு உடையோர் முதலில் வைத்தியரைக் காண்க. களைப்புக்கு இரத்தசோகை காரணமாயிருக்கலாம்.

நமது வெயிலுக்கு அதிகாலையும் மாலையுமே ஏற்றவை. காலுக்குப் பொருந்தும் சப்பாத்து ஒன்று அவசியம். உடை, உங்களுக்குக் கூச்சந் தராததாகவும் கால் தடுக்காததாகவும் இருந்தாற் போதும். தனியே செல்லத் தயங்குவோர் அயல்வீட்டுச் சகோதரி ஒருத்தியைத் துணை சேர்த்துக்கொள்க. இருவர் ஓடினால் ஊர்ப்பேச்சின் பாரம் பாதியாகக் குறையும். மூவர் ஓடினால் அது ஊர்வழக்கமாகிவிடும்.

இனி வீட்டிலுள்ளோருக்கும் ஒரு சொல். தாய் ஓடுவதற்கு இல்லாதது கால்வலிமை அன்று, நேரமே. அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். காலைத் தேநீரைக் கணவர் தயாரிக்கலாம். தம்பி தங்கையரை எழுப்பி முகங்கழுவச் செய்வதும், தம் புத்தகங்களைத் தாமே அடுக்கிக்கொள்வதும் மாணவ மாணவியருக்குக் கடினமான பணிகளல்ல. இல்லப் பொறுப்பு அனைவர்க்கும் உரியது என்பதைப் புத்தகத்திற் படிப்பதினும் இவ்வாறு பழகிக் கற்றல் சிறப்பன்றோ? அன்னை ஓடுவதைக் கண்டு வளரும் மகள், தன் உடலும் பேணுதற்குரியதென்று சொல்லாமலே உணர்ந்துகொள்வாள்.

சில நாட்கள் தவறும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மழை பெய்யும், விருந்தினர் வருவர். அதற்காக மனஞ்சோர்ந்து விட்டுவிடாது, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். மற்றவர்களின் வேகத்தோடு உங்கள் வேகத்தை ஒப்பிடவும் வேண்டாம். சென்ற மாதம் ஒரு கம்பம் வரை ஓடிய நீங்கள் இம்மாதம் இரண்டு கம்பம் வரை ஓடுவீர்களாயின், அதுவே உங்கள் வெற்றி.

குடும்பத்தைத் தாங்கும் உடலுக்கு வாரத்தில் மூன்று அரைமணி நேரம் கொடுப்பது தன்னலமாகாது. நாளைக் காலை ஒரு நிமிடம் ஓடிப் பாருங்கள். நாளை மறுநாள் ஓய்வெடுங்கள். அதற்கடுத்த நாள் மீண்டும் புறப்படுங்கள்.